ஊர் தெரிந்தால் வேர் தெரியும்: செர்பிய முன்னோர் தேடல், ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், சர்ச் இன்ஜினில் ஏதாவது ஒரு சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சினிமா விமர்சனத்துக்கும் ரயில் நேரத்துக்கும் அது சரி. ஆனால் நீங்கள் தேடும் விவரம் நூறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு மொழியில், வேறொரு எழுத்தில், இன்று உலக வரைபடத்திலேயே இல்லாத ஒரு நாட்டின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழும் செர்பிய வம்சாவளியினர் தங்கள் முன்னோரைத் தேடும்போது இந்தச் சிக்கல்கள் அத்தனையும் ஒன்றாக வந்து நிற்கும். எப்படித் தேடுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எனவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். எங்கள் புராஜெக்டில் அமெரிக்காவிலிருந்து பணிபுரியும் நண்பர் ஒருவரின் கொள்ளுத்தாத்தா 1909-ல் அங்கே குடியேறிய செர்பியர். நண்பரின் தந்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. தன் தாத்தா பிறந்த ஊர் எது, தாத்தாவைப் பெற்றவள் பெயர் என்ன என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. குடும்பத்தில் யாருக்கும் இவை தெரியவில்லை. பல இரவுகள் ஆன்லைனில் நண்பருடன் சேர்ந்து தேடியதில் நான் கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் வீட்டில் தேடுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தெரிந்த பெயர்கள், ஆண்டுகள், ஊர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய கடிதங்கள், போட்டோக்களின் பின்பக்கம், கல்லறைக் கல்லில் உள்ள எழுத்துகள், பிரார்த்தனைப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றையும் விடக்கூடாது.

செர்பியக் குடும்பங்களில் இன்னொரு முக்கியமான தடயம் உண்டு. அதன் பெயர் ஸ்லாவா. ஒவ்வொரு ஆர்த்தடாக்ஸ் குடும்பமும் ஒரு புனிதரைத் தங்கள் காவலராகக் கொண்டு, ஆண்டுதோறும் அவருடைய நாளை வீட்டில் கொண்டாடும். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் இந்த உரிமையை நம் குலதெய்வ வழக்கத்தோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். யுனெஸ்கோ 2014-ல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே கிராமத்தில் ஒரே குடும்பப் பெயருடன் பத்து வீடுகள் இருந்தாலும், ஸ்லாவா வேறு என்றால் அவை பெரும்பாலும் வேறு வேறு வம்சங்கள். நண்பர் வீட்டில் புனித ஜார்ஜ் படம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. அதை அலங்காரப் பொருளாக நினைத்திருந்தார்கள். உண்மையில் அதுவே ஒரு ஆவணம்.

உறவுச் சொற்களையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அங்கிள் என்று எழுதிவிட்டால் அவர் சித்தப்பாவா, தாய்மாமனா என்று தெரியாது. செர்பிய மொழியில் நம் தமிழைப் போலவே தனித்தனிச் சொற்கள் உண்டு. தந்தையின் சகோதரர் ஸ்ட்ரிட்ஸ், தாயின் சகோதரர் உயாக். பழைய கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதை வைத்து, அவர் தந்தை வழியா, தாய் வழியா என்று முடிவு செய்துவிடலாம்.

பெயர் சாவி அல்ல, ஊர்தான் சாவி

டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு பிரைமரி கீ என்றால் தெரியும். ஒரு பதிவை மற்ற எல்லாப் பதிவுகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் விவரம் அது. முன்னோர் தேடலில் பெயர்தான் பிரைமரி கீ என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செர்பியப் பெயர்களுக்கு அது உதவாது. யோவானோவிச் என்பது செர்பியாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர். யோவான் என்பவரின் மகன் வழி வந்தவர் என்பதே அதன் பொருள். ஊருக்கு ஊர் யோவான்கள் இருந்தார்கள், ஆகவே ஊருக்கு ஊர் யோவானோவிச்சுகளும் இருக்கிறார்கள்.

முற்காலத்தில் இந்தப் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் செய்தன. பெட்டரின் மகன் பெட்ரோவிச், அந்த மகனின் பெயர் யோவான் என்றால் பேரன் யோவானோவிச். நம் இனிஷியல் மாறுவது போலத்தான். நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைய செர்பிய அரசு 1851-ல் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் தேடும்போது, தந்தைக்கும் மகனுக்கும் வேறு குடும்பப் பெயர் இருந்தால் வியப்படைய வேண்டாம்.

ஆகவே எந்தத் தேடலிலும் உங்கள் முதல் இலக்கு, முன்னோரின் சரியான ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான். அது கிடைக்கும் வரை மற்றவை எல்லாம் ஊகம்.

எந்த நாட்டில் தேடுவது?

கொள்ளுத்தாத்தா செர்பியர், எனவே செர்பியாவில் பிறந்தவர் என்று நண்பரின் குடும்பம் நம்பியது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். செர்பியர் என்பது இனம். அவர் பிறந்த இடம் அன்று எந்த ஆட்சியின் கீழ் இருந்தது என்பது வேறு கேள்வி.

செர்பியா நீண்ட காலம் துருக்கிய ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. 1830-ல் தன்னாட்சி பெற்றது. 1878 பெர்லின் மாநாட்டில் அதன் சுதந்திரம் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் வடக்கே உள்ள வோய்வொடினா பகுதி 1918 வரை ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. அதன் பிறகு செர்பியர்கள், குரோவேஷியர்கள், ஸ்லொவேனியர்கள் ஆகியோரின் கூட்டு அரசு ஏற்பட்டு, 1929-ல் யூகோஸ்லாவியா என்று பெயர் பெற்றது. அதுவும் 1990-களில் உடைந்தது. செர்பியாவும் மான்டிநீக்ரோவும் 2006-ல் தனித்தனி நாடுகளாயின.

விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரின் மகனான அவர் 1856-ல் ஸ்மிலியான் கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு. இன்று குரோவேஷியா. அவருடைய முன்னோரைப் பெல்கிரேடில் மட்டும் தேடினால் கிடைப்பார்களா?

ஊர்ப் பெயர்களும் ஆட்சியோடு சேர்ந்து மாறின. வோய்வொடினாவின் தலைநகர் நோவி சாட், ஹங்கேரிய மொழியில் உய்விடெக், ஜெர்மனில் நொய்சாட்ஸ். வெலிகி பெச்கெரெக் என்ற நகரம் 1935-ல் பெட்ரோவ்கிராட் ஆகி, 1946-ல் ஸ்ரென்யானின் ஆயிற்று. ஹங்கேரிய ஆவணங்களில் அதுவே நாஜ்பெச்கெரெக். ஒரே நகரத்துக்கு நான்கு பெயர்கள்! எனவே நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஊரின் எல்லாப் பெயர்களையும் ஆண்டுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கேனம் என்ற வெப்சைட்டில் ஹப்ஸ்பர்க் காலத்து ராணுவ வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். சிறு கிராமங்களின் பழைய பெயர்களைக் கண்டுபிடிக்க அது பெரிதும் உதவும்.

ஒரே பெயர், பல ஸ்பெல்லிங்

கம்ப்யூட்டருக்கு மனிதரைத் தெரியாது. எழுத்தைத்தான் தெரியும். நீங்கள் தரும் எழுத்தும் பதிவில் உள்ள எழுத்தும் பொருந்தினால்தான் விடை தரும்.

செர்பிய மொழியை சிரில்லிக், லத்தீன் ஆகிய இரண்டு எழுத்து முறைகளிலும் எழுதுகிறார்கள். வூக் கராஜிச் என்ற அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்திய சிரில்லிக் முறையில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என 30 எழுத்துகள் உண்டு. யோவானோவிச் என்ற பெயரின் கடைசி ஒலியை லத்தீனில் சி எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு போட்டு எழுதுவார்கள். அமெரிக்க அதிகாரி அதை சி-எச் என்று முடித்திருப்பார். ஹங்கேரிய குமாஸ்தா சி-எஸ் அல்லது டி-எஸ் என்று எழுதியிருப்பார். ஜெர்மன் எழுத்தர் டி-எஸ்-சி-எச் என்று நீட்டியிருப்பார். முதல் எழுத்து ஜே ஆகவும் இருக்கலாம், ஒய் ஆகவும் இருக்கலாம்.

இதற்கு வைல்டு கார்டு என்ற வசதி கைகொடுக்கும். பேமிலிசர்ச் போன்ற தளங்களில் கேள்விக்குறி ஓர் எழுத்துக்கும், நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். முதலில் ஒரு கேள்விக்குறி, பிறகு ஓ-வி-ஏ-என் என்ற நான்கு எழுத்துகள், கடைசியில் நட்சத்திரக் குறி என்று டைப் செய்தால், மேலே சொன்ன எல்லா ஸ்பெல்லிங்குகளும் ஒரே தேடலில் சிக்கும்.

சிரில்லிக் எழுத்தில் தேட, கீபோர்டைத் தயார் செய்ய வேண்டும். விண்டோஸ் 11-ல் வழி இது:

1. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ் செல்லுங்கள்.
2. டைம் அண்டு லாங்குவேஜ், அடுத்து லாங்குவேஜ் அண்டு ரீஜன் பிரிவைத் திறவுங்கள்.
3. ஆட் எ லாங்குவேஜ் பட்டனைக் கிளிக் செய்து, தேடும் கட்டத்தில் செர்பியன் என்று டைப் செய்யுங்கள்.
4. பட்டியலில் சிரில்லிக் என்று உள்ளதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யுங்கள்.
5. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் செர்பியனுக்கும் மாறி மாறிப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சிரில்லிக்கில் ர் ஒலிக்கான எழுத்து, பார்வைக்கு ஆங்கில பி போலவே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் யூனிகோடில் ஆங்கில பி எழுத்தின் எண் 0050, சிரில்லிக் எழுத்தின் எண் 0420. ஆங்கில எழுத்துகளை வைத்து சிரில்லிக் போலத் தோன்றும் ஒரு சொல்லை உருவாக்கித் தேடினால் கம்ப்யூட்டர் ஏமாறாது.

கப்பல் பட்டியலில் கிடைக்கும் ஊர்

நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடியேற்ற நிலையமாக இயங்கியது. அங்கே வந்திறங்கியவர்களின் கப்பல் பட்டியல்கள் 2001-ல் இன்டர்நெட்டில் தேடும் வசதியுடன் வந்தன. பேமிலிசர்ச் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு அக்கவுண்ட் மட்டும் தொடங்க வேண்டும்.

பட்டியலின் அச்சிட்ட விவரத்தோடு நின்றுவிடாமல், ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1907-க்குப் பிந்தைய பட்டியல்களில் பயணியின் பிறந்த ஊரும், சொந்த நாட்டில் விட்டு வந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் உண்டு. பல பட்டியல்கள் இரண்டு பக்கங்களுக்கு நீளும். இரண்டாவது பக்கத்தைப் புரட்டாமல் போகிறவர்கள் அதிகம்.

நண்பர் ஏற்கனவே பல முறை நாடு என்ற கட்டத்தில் செர்பியா என்று கொடுத்துத் தேடியிருந்தார். விடை வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, வைல்டு கார்டும் வயதும் மட்டும் கொடுத்துத் தேடினோம். 1909-ல் வந்த 22 வயது இளைஞர் கிடைத்தார். நாடு: ஹங்கேரி. இனம்: செர்வியன். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பி எழுத்துக்குப் பதில் வி போட்டு இப்படி எழுதுவது வழக்கம். இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரும் ஒரு கிராமத்தின் பெயரும் இருந்தன. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்த அந்தப் பெயரைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டோம். அது பெச்கெரெக் பகுதிக் கிராமம். இன்றைய செர்பியாவின் வடக்கே, பனாத் சமவெளியில் இருக்கிறது.

கப்பல் பட்டியல் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். 1906 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர் கேட்கப்பட்டது. அங்குள்ள செர்பிய சர்ச்சுகளின் திருமண, ஞானஸ்நானப் பதிவேடுகளும் உண்டு. கலிபோர்னியாவில் ஜாக்சன் என்ற ஊரில் 1894-ல் கட்டப்பட்டது அமெரிக்காவின் முதல் செர்பிய ஆர்த்தடாக்ஸ் சர்ச்.

பதிவேடு எங்கே இருக்கும்?

ஊர் தெரிந்துவிட்டது. இனி ஆண்டைப் பார்த்துப் பதிவேட்டை முடிவு செய்யலாம்.

ஹங்கேரி ஆட்சிப் பகுதியில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1895 அக்டோபர் 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையது என்றால் சர்ச் பதிவேடு. வோய்வொடினாவில் இவை 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே பல ஊர்களில் உண்டு. தெற்கே செர்பிய சிற்றரசில் 1830-களில் இவை முறைப்படி எழுதப்படலாயின. அரசே எல்லோருக்கும் பதிவேடு வைக்கும் முறை 1946-ல் வந்தது. அப்போது சர்ச் பதிவேடுகள் பல உள்ளாட்சி அலுவலகங்களுக்கு மாறின. அங்கே இவற்றுக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயர் மாதிச்சார்.

பழைய ஆவணங்களுக்கு பெல்கிரேடில் உள்ள செர்பிய அரசு ஆவணக் காப்பகம், நோவி சாடில் உள்ள வோய்வொடினா ஆவணக் காப்பகம், ஸ்ரென்யானின் போன்ற நகரங்களின் வரலாற்று ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றை அணுகலாம். எல்லாம் ஸ்கேன் ஆகி இன்டர்நெட்டுக்கு வந்துவிடவில்லை. எனவே இமெயிலோ கடிதமோ எழுதத்தான் வேண்டும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். முன்னோரின் பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, மதம், ஊரின் பழைய பெயரும் இன்றைய பெயரும், உங்களுக்கு என்ன உறவு என்ற விவரங்கள் போதும். சிறு சிறு வாக்கியங்களாக எழுதி, மொழிபெயர்ப்பு வசதியில் செர்பியனுக்கு மாற்றுங்கள். நீண்ட வாக்கியத்தில் மென்பொருள் தடுமாறும். மாற்றியதை மீண்டும் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.

22 வயதில் 1909-ல் வந்தவர் என்றால் பிறந்தது சுமார் 1887. 1895-க்கு முந்தையது. எனவே சர்ச் பதிவேட்டைக் கேட்டு எழுதினோம். சில வாரங்களில் ஒரு பக்கத்தின் ஸ்கேன் நகல் வந்தது. சிரில்லிக் கையெழுத்தில் குழந்தையின் பெயர், தந்தை, ஞானத்தந்தை, அவர்களுக்கு நடுவே தாயின் பெயர். நூறாண்டுகளாக அந்தக் குடும்பத்தில் யாரும் உச்சரிக்காத பெயர். நண்பர் அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தந்தையிடம் கொடுத்தார். அவர் அந்தப் பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தாராம்.

தேதியில் ஒரு கணக்கு

செர்பிய ஆர்த்தடாக்ஸ் சர்ச் பழைய ஜூலியன் காலண்டரைப் பின்பற்றுகிறது. 19-ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாட்களும், 1900 மார்ச் முதல் உள்ளவற்றுக்கு 13 நாட்களும் கூட்டினால் நம் காலண்டர் தேதி வரும். பதிவேட்டில் 1887 ஏப்ரல் 23 என்று இருந்தால், நம் கணக்கில் மே 5. செர்பிய அரசு 1919-ல் புதிய காலண்டருக்கு மாறியது. இரண்டு ஆவணங்களில் ஒருவரின் பிறந்த தேதி 12 நாட்கள் வேறுபட்டால், இருவர் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் பின்னோக்கிப் போக

முன்னோர் அன்றைய செர்பிய சிற்றரசைச் சேர்ந்தவர் என்றால் 1862-63 கணக்கெடுப்பு ஒரு புதையல். வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, சொத்து மதிப்பு, வருமானம் வரை அதில் உண்டு. கிடைத்திருக்கும் தொகுதிகள் பெல்கிரேட் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வோய்வொடினாவுக்கு இது பொருந்தாது.

செர்பியாவின் 500 தினார் நோட்டில் படம் உள்ள புவியியல் அறிஞர் யோவான் ட்ஸ்வியிச், 1902-ல் கிராமங்களைப் பற்றிய ஒரு நூல் வரிசையைத் தொடங்கிவைத்தார். ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய், எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எத்தனை வீடுகள், என்ன ஸ்லாவா என்று எழுதினார்கள். புனித ஜார்ஜ் படம் போன்ற ஒரு வீட்டுத் தடயம் இங்கேதான் பயன்படும். ஊர்ப் பெயரும் ஸ்லாவாவும் கையில் இருந்தால், பல வீடுகளில் உங்கள் வீடு எது என்று அடையாளம் காணலாம்.

சில இடங்களில் பாதை நின்றுவிடும். 1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் பெல்கிரேட் தேசிய நூலகம் எரிந்து, லட்சக்கணக்கான நூல்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. போர்களில் அழிந்த கிராமத்துப் பதிவேடுகளும் நிறைய. அந்த இடத்தில் ஊகத்தை எழுதி நிரப்பாமல், காலியாகவே விடுங்கள்.

கிடைத்ததைப் பாதுகாக்க

வம்சாவளி விவரங்களைச் சேமிக்க ஜெட்காம் என்ற பொது பைல் வடிவம் உண்டு. 1984-ல் வந்த இது வெறும் டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடிலேயே திறக்கலாம். கிராம்ப்ஸ் என்ற இலவச சாப்ட்வேரில் விவரங்களை உள்ளிட்டு, ஜெட்காம் ஆக எக்ஸ்போர்ட் செய்யலாம். நாளை வேறு சாப்ட்வேருக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது.

ஸ்கேன் படங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள். 1887, ஞானஸ்நானம், ஊர்ப் பெயர் என்ற வரிசையில் இருந்தால் போல்டரில் கால வரிசையாக அடுக்கி நிற்கும். ஒவ்வொரு விவரத்துக்கும் அருகில் அது எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பென் டிரைவில் ஒரு நகல், வேறொரு இடத்தில் இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும்.

இன்டர்நெட்டில் மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் வம்சாவளி மரங்களை அப்படியே காப்பி செய்யாதீர்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் பிரதி எடுத்திருப்பார்கள். அவற்றைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, மூல ஆவணத்தைத் தேடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போன்றவற்றைப் பொதுவில் வெளியிடவும் கூடாது.

உங்களுக்குச் செர்பிய உறவினர் யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் முறை ஒன்றுதான். வீட்டில் கேட்பது, ஊரை உறுதி செய்வது, ஸ்பெல்லிங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது, மூலப் பக்கத்தைத் திறப்பது, ஆதாரத்தோடு சேமிப்பது. இவற்றில் முதல் படிக்கு மட்டும் காலக்கெடு உண்டு. பதிவேடு அடுத்த ஆண்டும் காப்பகத்தில் காத்திருக்கலாம். வீட்டுப் பெரியவரின் நினைவு அப்படிக் காத்திருக்காது. இந்த வாரமே நோட்டுப் புத்தகத்துடன் அவர் அருகில் போய் உட்காருங்கள்.